ரத்தம் கேட்டு ஒரு மனு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு ரத்தத்தில்தான் போய் நிற்கிறது. சாப்பிடும் முன் சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, கொழுப்பு எத்தனை, உப்பு எத்தனை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைக்கூட நாம் யாரிடமும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள், நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ரத்தம் என்பது முழங்கால் சிராய்த்தால் வருவது. காப்பிப்பொடியை வைத்து அமுக்கினால் நின்றுவிடும், அதோடு முடிந்தது. அதற்குப் பிரிவு உண்டு, இங்கிலீஷ் எழுத்து உண்டு, கூட்டல் கழித்தல் குறி உண்டு என்பதெல்லாம் தென்காசியில் எங்கள் தெருவுக்குத் தெரியவந்தது, நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்துச் சாரல் பருவத்தில்தான்.

அம்மா அப்போது உண்டாகியிருந்தாள். எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. இத்தனை வருடம் கழித்து வருகிற பிள்ளை என்பதால் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயிற்றில் வாயுக் கோளாறு என்று அண்ணன் தன் கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருந்தான். அந்த வாயு மாதாமாதம் பெருத்துக்கொண்டே போனதில் அவனுக்குப் பெரிய சங்கடம்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஒரு பஸ் இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். ஆனி மாதத்தில் ஒருநாள் லேடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர், குடையை மடக்காமலே நடுவீட்டில் நின்று, அம்மாவுக்கு ரத்தம் நெகடிவ்வாம் என்றார்.

பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, நெகடிவ் என்றால் இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டாள். அப்பா யோசித்தார். அவருடைய ஆபீஸ் காகிதங்களில் அதற்கு அப்படித்தான் அர்த்தம். ஆமாம் என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் முதல் அம்மாவுக்கு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் என்று அத்தை மூன்று வேளையும் ஊட்டத் தொடங்கினாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருத்தி அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். உடம்பில் சொட்டு ரத்தம் இல்லாமலே ஒருத்தி எழுந்து இட்லி அவிக்கிறாளே என்று அதிசயப்பட்டுக்கொண்டே இட்லியையும் சாப்பிட்டுப் போனார்கள்.

செய்தி லேடி டாக்டர் காதுக்கும் எட்டிவிட்டது. அவர் அப்பாவை மறுபடி கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் வட்டங்கள் போட்டு விளக்கினார். அம்மாவுக்கு ரத்தம் இருக்கிறது. ஆனால் அது ஓ நெகடிவ் என்ற அபூர்வப் பிரிவு. என்னைப் பெற்றபோதே அம்மாவுக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. இந்தத் தடவையும் போனால் அதே பிரிவு ரத்தத்தைத்தான் ஏற்ற வேண்டும், வேறு எதுவும் சேராது. திருநெல்வேலியிலிருந்து வரவழைக்க நேரம் இருக்காது, அங்கேயும் இந்தப் பிரிவு எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிரிவு பொருந்துகிற ஆள் ஒருவரை இப்போதே கண்டுபிடித்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை மாதம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. நான் பள்ளிக்கூடத்துப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் முழுக்கப் புரியவில்லை. ஆனால் அம்மா செத்துப்போகலாம் என்பது மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது.

எங்கள் தெரு அப்படி ஒன்றும் ஒற்றுமையான தெரு இல்லை. குழாயடியில் தினம் சண்டை நடக்கும். ஆனால் ரத்தம் வேண்டும் என்றதும் அத்தனை பேரும் சட்டைக் கையைச் சுருட்டினார்கள். முதலில் வந்தவர் எதிர்வீட்டு ஏட்டையா. போலீஸ் ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள். முறுக்கிவிட்ட மீசை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. "தங்கச்சிக்கு ஒரு பாட்டில் என்ன, ஒரு குடம் எடுத்துக்கிடச் சொல்லும்வே" என்று அப்பாவின் தோளில் தட்டினார். டாக்டர் வீட்டு லேபில், பரிசோதனைக்காக விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தினார்கள். ஏட்டையா தன் விரலில் வந்த ஒரு சொட்டைப் பார்த்தார். பிறகு தென்னமட்டை விழுவது போல அப்படியே சரிந்துவிட்டார். அவரைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அவர் ரத்தமும் பொருந்தவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்கார மாமா, மளிகைக் கடைக்காரர், அவர் மச்சான் என்று வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். எல்லாம் வேறு பிரிவு. அப்பா அடுத்தபடியாகச் சொந்தக்காரர்களைப் பிடித்தார். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு எங்கிருந்தெல்லாமோ சொந்தம் வரும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் வீடுகளுக்கும் வந்திருக்கும். அந்த வருடம் வந்தவர்களுக்கு ஒரு வசதியின்மை இருந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தார். துண்டும் சோப்பு டப்பாவுமாக இறங்கிய சித்தப்பா குடும்பத்தைப் பெட்டியோடு நேராக லேபுக்குக் கூட்டிப்போனார். அதற்கடுத்து வந்த பெரியம்மா குடும்பத்தையும் அப்படியே. குளிக்க வந்தவர்கள் விரலைச் சப்பிக்கொண்டு இரண்டாம் நாளே ஊர் திரும்பினார்கள். சொந்தக்காரர்கள் மூன்று வாரம் தங்குவதைக் குறைக்க அம்மா பத்து வருடமாக முயன்றும் முடியாமல் இருந்தாள்.

பிறகுதான் தையல்கார மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. அருவிக்கரையில் தினம் ஆயிரக்கணக்கில் ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள், அங்கே கேட்டால் ஒருவர் அகப்படாமலா போவார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, ஏட்டையா, தையல்கார மாமா மூவரும் குற்றாலம் கிளம்பினார்கள். நானும் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன்.

சாரல் முகத்தில் ஊசி ஊசியாக அடித்தது. மங்குஸ்தான் கடையிலிருந்து பழவாசனையும், எண்ணெய் தேய்க்கிறவர்களிடமிருந்து சூடான நல்லெண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. ஆண்கள் பக்கம் வரிசை, பாலத்தைத் தாண்டி நீண்டிருந்தது. எல்லோரும் தலைமுதல் கால்வரை எண்ணெய் வழிய, கோவணத்தோடும் துண்டோடும் நின்றார்கள். கேள்வி கேட்கும் பொறுப்பை ஏட்டையா எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது ஒரே மாதிரிக் கேள்விதான். பேர் என்ன, ஊர் என்ன, யாரோடு வந்தீர், உம்ம ரத்தம் என்ன?

இருபது வருட உத்தியோகம் அந்தக் குரலில் இருந்தது. முன்னால் நின்ற இரண்டு பேர் துண்டை விட்டுவிட்டு நழுவினார்கள். வழுக்கைத் தலையில் எண்ணெய் மினுங்க நின்ற ஒருவர், ஆபீஸில் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு வந்ததைத் தானாகவே ஒப்புக்கொண்டார். ரத்தம் என்ன பிரிவு என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. சிவப்பு என்று இரண்டு பேர் சொன்னார்கள். கடைசியில் செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மலையாளி ஒருவர், எனக்குத் தெரியும், கார்டு இருக்கிறது என்றார். மூன்று பேரும் அவரை எண்ணெயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பிறகுதான் அவர் ஏ பாசிட்டிவ் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூவர் சட்டையிலும் முன்பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை.

ஆள் கிடைத்தது சமையலறையில். கண்டுபிடித்தது அம்மா.

இதற்கு எங்கள் தெருவின் கடைசி வீட்டு மனு அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். எதைப் பார்த்தாலும் மனு எழுதுவார். கோயில் ஒலிபெருக்கி, தெருவில் கட்டும் மாடு, எரியாத தெருவிளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் தெருவிளக்கு. எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் அவர் வாசல் வழியாக ஓடுகிறது என்று முனிசிபாலிட்டிக்கு எழுதி, அப்பாவுக்கு நோட்டீஸ் வந்து, தெருவே பார்க்க அப்பா குழி தோண்டிக் குழாய் பதிக்கவேண்டி வந்தது. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. அவர் வீட்டைத் தாண்டும்போது மழை இல்லாவிட்டாலும் அப்பா அந்தப் பக்கமாகக் குடையை விரித்துப் பிடிப்பார்.

ஆனால் அண்ணாச்சியிடம் ஒரு நேர்மை உண்டு. யார் மேல் மனு எழுதினாலும் கார்பன் வைத்து எழுதி, அவர்களுக்கே ஒரு நகல் கொடுத்துவிடுவார். அந்த நகல்களை அம்மா அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் டப்பாக்களை அடுக்கியிருந்தாள். ஒருநாள் மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்தபோது, மனுவின் அடியில் குத்தியிருந்த ரப்பர் ஸ்டாம்பு கண்ணில் பட்டது. பெயர், முன்னாள் ராணுவத்தினர், பட்டாளத்து எண், அதற்குக் கீழே ரத்தப் பிரிவு, ஓ நெகடிவ். பட்டாளத்தில் எல்லோருக்கும் எழுதி வைத்திருப்பார்களாம். அவர் அதையும் சேர்த்து ஸ்டாம்பு செய்துகொண்டார்.

அம்மா இரண்டு நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் ரோஷம் அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள், அப்பா மறுபடி குற்றாலத்துக்குக் கிளம்பியபோது, அந்தக் காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க அருவியில போயித் தேடுதீக. நம்ம மிளகாய்ப்பொடிக்கு அடியிலல்லா இருக்கு."

அப்பா படித்தார். மூஞ்சி கறுத்துவிட்டது. திருநெல்வேலிக்குப் போவேன், மதுரைக்குப் போவேன், இந்தாள் வாசலை மட்டும் மிதிக்கமாட்டேன் என்றார். அத்தை ஆய்க்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டிருப்பதால் வேறு வழி பிறக்கும் என்றாள். அம்மா டப்பாக்களைத் திரும்ப அடுக்கினாள். குனிந்து நிமிர அவளுக்கு மூச்சு வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார். துணைக்கு ஏட்டையாவையும் கூப்பிட்டுக்கொண்டு போனோம்.

அண்ணாச்சி கம்பி அழிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"சரி. எழுதிக் குடுங்க" என்றார் அண்ணாச்சி.

"எத எழுத?"

"இப்ப சொன்னதை. வாயால கேட்டதுக்கு என்ன ஆதாரம் இருக்கு? மனுவாக் குடுங்க, வாங்கிக்கிட்டு ரசீது தாரேன்."

ஏட்டையாவின் வலது கை, லத்தி இருக்க வேண்டிய இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது.

அப்பா வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்க்கையில் முதல் மனுவை எழுதினார். அது சிவப்பு மையில் திருத்தங்களோடு திரும்பி வந்தது. தேதி இல்லை. பொருள் என்ற வரி இல்லை. ரத்தம் கொடுத்து உதவவும் என்று இருக்கிறதே தவிர எவ்வளவு என்று இல்லை. அப்பா மறுபடி எழுதினார். அதுவும் திரும்பியது. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது தனிப்பட்ட கோரிக்கை, தெருவே கையெழுத்துப் போட்டால்தான் பொதுக் கோரிக்கை என்று குறித்திருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் ரத்தத்தைச் சோதித்து, கையெழுத்துக்கு நேராகப் பிரிவையும் எழுத வேண்டும். தெருவில் குடியிருப்பவர்கள் மட்டும் போதாது, தெருவில் வேலை பார்க்கிறவர்களும் வேண்டும்.

தெரு கொதித்துவிட்டது. மாசமாக இருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறான் பாவி என்று அத்தை அம்மிக்கல்லில் தேங்காயோடு சேர்த்து அவரையும் அரைத்தாள். ஏட்டையா எந்தச் செக்ஷனில் உள்ளே போடலாம் என்று யோசித்தார். தன் ரத்தத்தை வைத்துத் தெரு முழுக்கப் பழிவாங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் வாசலில் காறித் துப்பிவிட்டுக்கூட வந்தேன். அம்மா மட்டும், கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போங்களேன், பொன்னா கேட்டார், கையெழுத்துத்தானே என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை, லேபுக்காரர் கண்ணாடித் துண்டுகளும் ஸ்பிரிட் பாட்டிலுமாகத் தெருவுக்கே வந்தார். தையல்கார மாமாவின் துணி வெட்டும் மேஜை வாசலுக்கு வந்தது. தெரு முழுக்க ஸ்பிரிட் வாசனை. கண்ணாடியில் மூன்று சொட்டு ரத்தத்தோடு மூன்று மருந்தைக் கலந்ததும் சில சொட்டுகள் திரிந்த பால் மாதிரி குருணை குருணையாகப் பிரிவதைப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் எங்கள் தெருவில் புதுச் சாதிகள் உண்டாகிவிட்டன. ஏ வந்தவர்கள் பி வந்தவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தார்கள். இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்த மளிகைக் கடைக்காரர் அன்று முழுவதும் ஒரு தினுசாக நடந்தார். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே பிரிவு வந்த வீட்டில், ஜாதகம் பார்த்தவருக்குத் தேங்காய் பழத்தோடு ஆள் அனுப்பினார்கள். ஏட்டையா மறுபடி வந்து, தனக்கு ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்பதைத் தூரத்திலிருந்தே தெரிவித்துவிட்டு, கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

பால்காரர் வந்தார், சலவைக்காரர் வந்தார். எல்லாம் முடிந்து மேஜையைத் தூக்கப் போகும்போது அண்ணாச்சி வந்து பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஓர் ஆள் குறைகிறது என்றார். தெருமுனையில் விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தெருக்கூட்டும் பெண்ணைக் கைகாட்டினார்.

அவள் முனிசிபாலிட்டி வேலைக்காரி. தினம் காலையில் எங்கள் தெருவைக் கூட்டி, சாக்கடையைத் தள்ளிவிடுகிறவள். அத்தனை வருடத்தில் அவள் பெயரை யாரும் கேட்டதில்லை. தெருப் பிள்ளைகள் நாங்கள் பால்காரரை மாமா என்றோம், சலவைக்காரரை அண்ணே என்றோம். அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. மீந்த சோற்றை எட்ட நின்று அவள் பாத்திரத்தில் போடுவோம். மேஜை பக்கம் அவள் வந்ததும் கூட்டம் தானாக விலகியது. கொஞ்சம் முணுமுணுப்பும் எழுந்தது, அதில் அத்தையின் குரல்தான் முன்னால் கேட்டது. அண்ணாச்சி, தெருவில் வேலை பார்க்கிறவர்கள் என்று எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினார். அவளுக்குக் கையெழுத்து வராது. பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தாள். அடுத்த விரலில் லேபுக்காரர் குத்தினார்.

மூன்று சொட்டும் திரியவில்லை. லேபுக்காரர் இன்னொரு கண்ணாடியில் மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகுதான் ஓ நெகடிவ் என்றார்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். ஒரு கணக்குக்கு எழுதி வைத்துக்கொள்ளலாம், எடுக்கவா போகிறோம் என்றாள் அத்தை. அண்ணாச்சி பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு ரசீது கொடுத்தார்.

ஆவணியில், ஒரு முற்பகல் நேரம் அம்மாவுக்கு வலி கண்டது. அண்ணாச்சி இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையும் பட்டாளத்து மெடலுமாக, எங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். தங்கை பிறந்தாள். டாக்டர் பயந்தது போலவே அம்மாவுக்கு ரத்தம் நிற்காமல் போனது. அண்ணாச்சியைப் படுக்கவைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ரத்தம் எடுத்து அம்மாவுக்கு ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து இன்னொரு பாட்டில் வேண்டும் என்றார். அண்ணாச்சியின் வயதுக்கு அவரிடம் இனி எடுக்க முடியாது.

அத்தை கேட்டாள், "வேற ஆளு கெடைக்காதா டாக்டரம்மா?"

"கெடைக்கும். ரெண்டு நாளாகும். நீங்க காத்திருக்கலாம், உள்ள இருக்கவங்களால முடியாது."

டாக்டர் அப்பாவிடம் திரும்பி, அண்ணாச்சி போன மாதமே தன்னிடம் வந்து கேட்டதைச் சொன்னார். ஒரு பாட்டில் போதாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். இன்னொரு ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, கேட்டால் ஒருத்தனும் வரமாட்டான், என் மேல் கோபம் வந்தால் எல்லோரும் வருவார்கள் என்றாராம். அதைக் கேட்டதும் அப்பா வெளியே ஓடினார்.

அந்த நேரத்தில் தெருக்கூட்டும் பெண் மார்க்கெட் பக்கம் கூட்டிக்கொண்டிருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். வழியில் செங்கோட்டை போகிற பஸ் எதிரே வந்தது. அப்பா கையைக் காட்டி மறித்து ஏறி, டிரைவரிடம் மார்க்கெட்டுக்கு விடச் சொன்னார். டைம் கீப்பரே சொல்லும்போது டிரைவர் என்ன செய்வார்? உள்ளே நிறைய ஆட்களோடும், மேலே வாழைத்தாரோடும், அந்தப் பஸ் சந்தில் புகுந்து மார்க்கெட்டுக்குப் போய், அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அவள் கையில் விளக்குமாறு இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முழித்தபோது, அத்தைதான் அதை வாங்கிச் சுவரோரம் சாத்திவைத்தாள். அன்று பஸ் நாற்பது நிமிடம் தாமதம் என்று அப்பாவே ரிஜிஸ்டரில் எழுதி, காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டார்.

அம்மா பிழைத்தாள்.

நாற்பது நாள் கழிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். அவர், ரத்தம் உடம்பில் சேர்ந்துகொண்டதா என்று கேட்டார்.

"சேந்துட்டு அண்ணாச்சி. ஆனா இப்ப யாரைப் பாத்தாலும் ஒரு மனு எழுதணும்போலல்லா இருக்கு."

அண்ணாச்சி சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, பழக்கமில்லாததால்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் இருந்தது. ஐப்பசியில் வடகரையிலிருந்து ஒரு விவசாயி, மரத்திலிருந்து விழுந்த தம்பிக்காக ரத்தம் கேட்டு எங்கள் தெருவைத் தேடி வந்தார். பி பாசிட்டிவ். பட்டியலில் அந்தப் பிரிவில் முதல் பெயர் ஏட்டையா. தெருவே அவரைப் பார்த்தது. மீசையைத் தடவிக்கொண்டு அவர் கிளம்பினார். ஆஸ்பத்திரியில் முதலிலேயே படுத்துக்கொண்டு, துண்டால் முகத்தை மூடச் சொல்லி, எடுத்து முடிக்கும்வரை உரத்த குரலில் கந்தன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மயங்கவில்லை. அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை போவார், முகத்தில் துண்டோடுதான். வடகரைக்காரர்களும் போய் ஒரு பட்டியல் எழுதினார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று அவர்கள் கேட்டபோது அண்ணாச்சி சொன்ன ஒரே யோசனை, முதலில் ஒரு மனு எழுதுங்கள் என்பதுதான். பிறகு செங்கோட்டையில் ஒரு தெரு, ஆய்க்குடியில் ஒரு தெரு. சங்கம் என்று பெயர் வைக்கவே இரண்டு வருடம் ஆனது. ரத்த சங்கம் என்று முதலில் எழுதிய போர்டைப் பார்த்து, இருட்டினால் தெருவுக்குள் வர ஜனங்கள் பயந்ததால் அதை மாற்ற வேண்டியிருந்தது. சங்கத்தின் முதல் கூட்டம் பொதுவழியில் அனுமதி இல்லாமல் நடந்தது என்று முனிசிபாலிட்டிக்கு எழுதியவர், சங்கத்தின் செயலாளரான அண்ணாச்சியேதான். நகல் தலைவரான அப்பாவுக்கு வந்தது. அலமாரித் தட்டுக்கு ஆயிற்று என்று அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவசரத்தில் வருகிறவர்கள் தவறான கதவுகளைத் தட்டி எழுப்பியதால், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கதவு நம்பருக்குக் கீழே அந்த வீட்டுக்காரர்களின் பெயரையும் பிரிவையும் பெயின்டால் எழுதிவிடுவது என்று முடிவாயிற்று. எழுதும் வேலையை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். பட்டாளத்துப் பெட்டிகளில் எழுதுவது போல, கோடு போட்டு, அளவெடுத்து, கட்டை கட்டையான எழுத்துகள். எங்கள் வீட்டுக்கு அவர் கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று எழுதி முடித்து, தங்கையையும் எழுதினார். வாசலைக் கூட்ட முடியாமல் காத்துக்கொண்டு நின்ற தெருக்கூட்டும் பெண், விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கியபடி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு எங்கன எழுதுவீக?"

அண்ணாச்சியின் பிரஷ் நின்றுவிட்டது. அவள் வீடு ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் இருந்தது. அவசரத்துக்குத் தேடிப் போகிறவன் கண்டுபிடிக்க முடியாது. அவர் அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற அம்மா, என் பேருக்குக் கீழேயே எழுதுங்கள் என்றாள்.

"வீட்டுல குடியிருக்கவங்க பேரைத்தான் எழுதணும்னு தீர்மானம் போட்டிருக்கோம்" என்றார் அண்ணாச்சி.

"அவ ரத்தம் இந்த வீட்டுலதான குடியிருக்கு."

அண்ணாச்சி தீர்மானத்தை மனதுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, அது சரிதான், விதிக்கு உட்பட்டதுதான் என்று சொல்லிவிட்டு, அவள் பெயர் என்ன என்று கேட்டார். அப்போதுதான் எங்கள் தெரு அந்தப் பெயரைக் கேட்டது. அம்மா பெயருக்கும் அண்ணன் பெயருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், எழுத்தைச் சற்று நெருக்கி எழுதினார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் எங்கள் வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எது தன்னுடையது என்று கேட்டாள். நான் அம்மாவின் வரியைத் தொட்டுக் காட்டி, இது அம்மா என்றேன். அதற்கடுத்ததைத் தொட்டு, இது நீங்கள் என்றேன். பெயர்களை விட்டுவிட்டு, கடைசியில் இருந்த அந்த வட்டத்தையும் கழித்தல் குறியையும் அவள் இரண்டு வரியிலும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, குனிந்து கூட்டத் தொடங்கினாள்.